பிள்ளைகளோடு பிரான்சின் தென்கரையில் கடல் விடுமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸ் பக்கம் குடியிருக்கும் எங்கள் குடும்பம் பல கோடைகளாகத் தெற்கே மத்தியதரைக் கடலுக்குப் போய்வருகிறது. முதல் தடவை போனபோது மூத்தவளுக்கு 3 வயது. அன்று பிறந்தேயிராத சின்னவன் இன்று எங்கள் எல்லாரையும்விட நன்றாக நீந்துகிறான். மார்ச், ஏப்ரல் வந்துவிட்டால் லண்டனில் இருக்கும் மைத்துனர் வீட்டிலிருந்தும் ஜெர்மனியில் இருக்கும் சித்தி வீட்டிலிருந்தும் தொலைபேசி வரும். கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். கானில் தொடங்கி ஆன்டீப், நீஸ், மொனாக்கோ வழியாக இத்தாலி எல்லையில் உள்ள மான்டோன் வரை நீளும் கோத் தஸூர் கரையைப் பற்றித்தான் பெரும்பாலும் சொல்கிறேன்.

முதலில் எதை முடிவு செய்வது? ஊரையா, வீட்டையா, தேதியையா?

கடற்கரையை. உங்கள் வீட்டில் மிகச் சின்னப் பிள்ளை எந்தக் கரையில் பயமில்லாமல் உட்கார்ந்து விளையாடும் என்று பாருங்கள். அந்தக் கரையிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் வீடு தேடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நாங்கள் முதல் வருடம் இதைத் தலைகீழாகச் செய்தோம். நீஸ் பெயர்பெற்ற ஊர், விமான நிலையம் இருக்கிறது, வீடும் அழகாக இருந்தது. பணத்தைக் கட்டிவிட்டோம். கரைக்குப் போனால் மணல் என்று ஒன்றே இல்லை. நீஸின் கடற்கரை முழுக்க உள்ளங்கை அளவு கூழாங்கற்கள். வெயிலில் அவை சுடும், வெறுங்காலில் நடந்தால் குத்தும். அதைவிட முக்கியமானது, கரையிலிருந்து சில அடி வைத்ததுமே கடல் சட்டென்று ஆழமாகிவிடும். நீந்தத் தெரிந்தவர்களுக்கு அந்தத் தெளிந்த நீலத் தண்ணீர் சொர்க்கம். 3 வயதுப் பிள்ளைக்கு வாளியும் மண்வெட்டியும் வைத்துக்கொண்டு செய்ய அங்கே எதுவும் இல்லை. மகள் அழுத அழுகையில் மறுநாளே ரயில் ஏறி ஆன்டீப் போனோம். அந்த வாரம் முழுவதும் அப்படியே ரயிலில் போய்வந்தோம்.

அப்படியானால் சின்னப் பிள்ளைகளுக்கு எந்தக் கரை நல்லது?

என் முதல் தெரிவு ஆன்டீப் பழைய நகரின் மதிலுக்குக் கீழே இருக்கும் கிராவெட். சின்னக் கரைதான், ஆனால் மணல். துறைமுகத்தின் பக்கத்தில் ஒதுங்கி இருப்பதால் அலை அடங்கியே இருக்கும், ஆழமும் மெதுவாகத்தான் கூடும். சந்தை, வெதுப்பகம், ரயில் நிலையம் எல்லாம் நடை தூரம். ஒரே குறை, ஜூலை, ஆகஸ்டில் பத்து மணிக்குமேல் துவாய் விரிக்க இடம் கிடைக்காது. ஒன்பதுக்கே போய்விடுங்கள்.

பக்கத்திலேயே ழுவான்-லெ-பான் இருக்கிறது. மணல் மென்மையாக இருக்கும், கரையும் நீளம். கானில் பழைய துறைமுகத்துக்கு மேற்கே நீளும், மிதி என்று பெயருள்ள கடற்கரைகளும் மணல்தான். கான் என்றாலே சினிமா விழாவும் பணக்காரர்களும் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். மேற்குப் பக்கம் சாதாரணக் குடும்பங்கள் கூடும் இடம்.

நீஸில்தான் தங்குவது என்றால் வில்ஃப்ரான்ஷ்-சுர்-மேர் உங்களைக் காப்பாற்றும். நீஸிலிருந்து ரயிலில் பத்து நிமிடம்கூட ஆகாது. நிலையத்தில் இறங்கினால் காலடியில் கடல். மணல் சற்றுப் பருமன், ஆனால் விரிகுடாவுக்குள் இருப்பதால் தண்ணீர் குளம்போல் கிடக்கும்.

மணல் மட்டும்தான் வேண்டும், பேரும் புகழும் வேண்டாம் என்பவர்கள் ஸ்பெயின் எல்லைப் பக்கம் அர்ஜெலே-சுர்-மேர் போகலாம். கிலோமீட்டர் கணக்கில் மணற்கரை, குடும்பங்களுக்கான விடுமுறை முகாம்கள் ஏராளம். ஆனால் அந்தப் பக்கம் திரமோந்தான் என்ற வடமேற்குக் காற்று வீசத் தொடங்கினால் மணல் கண்ணில் அடிக்கும், குடை நிற்காது.

எந்த மாதம் போவது?

பாடசாலைக்குப் போகாத பிள்ளைகள் என்றால் யோசிக்கவே வேண்டாம், செப்டம்பர் முதல் பாதி. கோடை முழுக்கச் சூடேறிய கடல் அப்போதும் 22, 23 பாகையில் இருக்கும், கூட்டம் கலைந்திருக்கும், வாடகையும் இறங்கியிருக்கும். ஜூன் நடுவில் வெயில் இருந்தாலும் தண்ணீர் 20, 21 பாகைதான். இறங்கியதும் பிள்ளைகளுக்கு உதடு நீலமாகும். ஆகஸ்டில் 24, 25 வரை போகும்.

பாடசாலைப் பிள்ளைகள் இருந்தால் ஜூலை முதல் வாரம் அல்லது ஆகஸ்ட் கடைசி வாரம். ஜூலை 14 தேசிய நாளிலிருந்து ஆகஸ்ட் 15 வரைதான் விலையும் நெரிசலும் உச்சம்.

ஒக்டோபர் விடுமுறைக்குக் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இலையுதிர் காலத்தில் சூடான கடலிலிருந்து எழும் ஈரக்காற்று மலையில் மோதி, சில மணி நேரத்தில் பெருமழையாகக் கொட்டும். 2015 ஒக்டோபர் 3 அன்று இரவு கான், மாந்தெலியூ பகுதியில் அப்படிப் பெய்த மழையில் 20 பேர் இறந்தார்கள். வானிலை எச்சரிக்கை செம்மஞ்சள் அல்லது சிவப்பு என்றால் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்துக்குள் இறங்கவே கூடாது. வாகனம் போனால் போகட்டும்.

காரில் போவதா, ரயிலிலா, விமானத்திலா?

பாரிஸிலிருந்து நீஸ் 900 கிலோமீட்டருக்கு மேல். சின்னப் பிள்ளைகளோடு ஒரே மூச்சில் ஓட்டுவது கொடுமை. அதுவும் கோடைச் சனிக்கிழமைகளில் லியோனுக்குக் கீழே நெடுஞ்சாலை நகரவே நகராது. பிசோன் ஃபுத்தே என்ற அரசின் போக்குவரத்துக் கணிப்பில் ஒவ்வொரு நாளுக்கும் நிறம் கொடுத்திருப்பார்கள். பச்சை நல்லது, கறுப்பு மிக மோசம். கறுப்புச் சனிக்கிழமை காரில் கிளம்பாதீர்கள்.

டிஜிவி என்ற அதிவேக ரயிலில் ஆறு மணி நேரத்துக்குள் போகலாம். மார்சேய் தாண்டியதும் சன்னலில் கடல் வரத்தொடங்கும், பிள்ளைகள் அதற்குப் பிறகு தொல்லை கொடுப்பதில்லை. 2021 மே மாதம் முதல் பாரிஸ்-நீஸ் இரவு ரயிலும் திரும்ப ஓடுகிறது. படுத்துத் தூங்கி விடியற்காலையில் கடலைப் பார்த்து எழும்பலாம். எந்த ரயிலானாலும் விற்பனை திறந்த வாரத்திலேயே வாங்குங்கள், தாமதித்தால் விலை இரண்டு மூன்று மடங்காகும்.

லண்டனிலிருந்து வருபவர்களுக்கு விமானம்தான் சுகம். நீஸ் விமான நிலையத்திலிருந்து டிராம் 2ஆம் பாதை நேரே நகருக்குள் போகிறது.

வந்து சேர்ந்தபின் கார் தேவையே இல்லை என்பேன். கான் முதல் மான்டோன் வரை எல்லா ஊரையும் கரையோர ரயில் தொட்டுக்கொண்டு போகிறது. ஆகஸ்டில் கடற்கரைப் பக்கம் காருக்கு இடம் தேடி அலைந்தே பாதி நாள் போய்விடும்.

விசா வேண்டுமா?

பிரித்தானிய, கனடிய, சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் எந்த 180 நாட்களுக்குள்ளும் 90 நாட்கள் விசா இன்றித் தங்கலாம். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் வதிவிட அனுமதி உள்ளவர்களுக்கும் வேண்டாம். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டோடு வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். 2024 ஜூன் முதல் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி கட்டாயம். கோடைக்கு நேர்காணல் இடம் கிடைப்பதுதான் பெரிய பாடு, அதனால் மார்ச்சுக்குள் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வெந்திமிலியா வரை போகலாம் என்று ஆசை வரும். அது இத்தாலி. எல்லைக்கு அருகே ரயிலில் பொலிஸ் ஏறிச் சோதிப்பது வழக்கம். பிள்ளைகளின் பத்திரங்களும் கையில் இருக்கட்டும்.

கடற்கரைக்குப் பணம் கட்ட வேண்டுமா?

வேண்டாம். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரான்சில் கடற்கரைக்குப் போய்வருவது எல்லாருக்கும் இலவச உரிமை. வரிசையாகப் போட்ட மெத்தைகளும் குடைகளும் உணவகங்கள் குத்தகைக்கு எடுத்த இடங்கள், அவற்றுக்குத்தான் காசு. அந்த இடத்துக்கு முன்னால் தண்ணீரோரம் நடந்து போக உங்களுக்கு உரிமை உண்டு, தயங்க வேண்டாம். 2025 கோடையிலிருந்து கடற்கரையில் புகைபிடிக்கத் தடை வந்திருக்கிறது, மீறினால் 135 யூரோ தண்டம். மணலில் சிகரெட் கட்டைகளைப் பொறுக்கி வாயில் வைக்கும் வயதுப் பிள்ளை உள்ளவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

கடல் அமைதியாகத்தானே இருக்கிறது, பயப்பட என்ன இருக்கிறது?

அமைதியாகத் தெரிவதுதான் ஆபத்து. இங்கே கடல் ஏற்ற இறக்கம் ஒரு முழம்கூட இல்லை. அதனால் காலையில் வைத்த துவாய் மாலையிலும் அதே இடத்தில் காய்ந்தே இருக்கும். ஆனால் தூரத்தில் புயல் அடித்திருந்தால் மறுநாள் வெயிலடிக்கும் வானத்தின் கீழேயே அலை கரையில் குத்தி உடையும். நீஸ் மாதிரிச் சரிவான கரையில் அந்த அலை ஆளைப் புரட்டி, கற்களோடு சேர்த்து உள்ளே இழுக்கும்.

கொடியைப் பாருங்கள். 2022 முதல் பிரான்சில் கொடிகள் செவ்வகமாக மாறியிருக்கின்றன. பச்சை என்றால் காவல் இருக்கிறது, குறிப்பான ஆபத்து இல்லை. மஞ்சள் என்றால் காவல் இருக்கிறது, ஆனால் கவனம். சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. ஊதா என்றால் தண்ணீர் மாசு அல்லது ஆபத்தான கடலுயிர். கொடியே இல்லை என்றால் உயிர்காப்பாளர் இல்லை என்று அர்த்தம். மேலே சிவப்பு, கீழே மஞ்சள் உள்ள இரண்டு கொடிகளுக்கு இடையில் குளிப்பதே நல்லது.

கைக்கெட்டும் தூரம் என்பதுதான் எங்கள் வீட்டு விதி. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது ஒரு பெரியவர் கையை நீட்டினால் பிடிக்கும் தூரத்தில், தண்ணீரிலேயே நிற்க வேண்டும். கரையில் உட்கார்ந்து பார்ப்பது கணக்கில் வராது. குடும்பமாக நாலைந்து பெரியவர்கள் போகும்போதுதான் இன்னும் கவனம் வேண்டும். எல்லாரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைத்துக் கதைத்துக்கொண்டிருப்போம். அரை மணிக்கு ஒருவர் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். காற்றடைத்த மிதவைகளைக் கடலில் விடவே வேண்டாம். கரையிலிருந்து வீசும் காற்று பிள்ளையோடு சேர்த்து அதைக் கொண்டுபோய்விடும்.

அவசரம் என்றால் 112. கடலில் ஆபத்து என்றால் 196.

சொறிமீன் கடித்தால்?

ஜெல்லி மீனைத்தான் சொல்கிறேன். இங்கே வருவது அநேகமாக ஊதா கலந்த இளஞ்சிவப்பில் உள்ள பெலாஜியா. நன்றாகக் கொட்டும், ஆனால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. கடல் தண்ணீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், ஒட்டியிருக்கும் நச்சு முட்கள் அதில் வெடிக்கும். தேய்க்கவும் வேண்டாம். முகச்சவர நுரையையோ ஈரமணலையோ பூசிச் சற்றுக் காய்ந்ததும் ஒரு வங்கி அட்டையின் விளிம்பால் வழித்தெடுங்கள். மூச்சு வாங்கினால், முகம் வீங்கினால் உடனே உயிர்காப்பாளரிடம் போங்கள்.

மணலுக்குள் புதைந்து கிடக்கும் வீவ் என்ற சிறு மீனின் முள் குத்தினால் வைத்தியம் வேறு. தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருக்க வேண்டும், சூட்டில் அதன் நஞ்சு சிதையும்.

கரையில் பழுப்பு நிறத்தில் குவிந்து கிடப்பது குப்பையா?

இல்லை. அது பொசிடோனியா, மத்தியதரைக் கடலுக்கே உரிய, பூப்பூக்கும் கடற்புல். கடலடியில் அது வயல்போல் வளர்ந்த இடத்தில்தான் மீன் குஞ்சுகள் பிழைக்கின்றன. கரையில் ஒதுங்கிய இலைகள் மணலை அலை அரித்துப்போகாமல் காக்கின்றன. 1988 முதல் பிரான்சில் பாதுகாக்கப்பட்ட தாவரம். கொஞ்சம் வாடை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெயிலை எப்படிச் சமாளிப்பது?

நம் தோல் கறுப்பு, சன்ஸ்கிரீன் எதற்கு என்று சொல்லும் மாமாமார் எல்லார் வீட்டிலும் உண்டு. கறுப்புத் தோலும் எரியும், பிள்ளைகளின் தோல் இன்னும் சீக்கிரம் எரியும். ஆனால் களிம்பைவிட முக்கியம் நேரம். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை கடல். பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு, சன்னல் பலகையை மூடிக்கொண்டு தூக்கம். இந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான் வாழ்கிறார்கள். மாலை ஐந்துக்கு மறுபடி கடல். ஜூன் கடைசியில் ஒன்பது மணி தாண்டித்தான் சூரியன் மறையும் என்பதால் உங்களுக்கு முழு மாலைப்பொழுது கிடைக்கும். கரையிலிருந்து நடை தூரத்தில் வீடு எடுங்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது இதற்காகத்தான். நடுப்பகலில் வீட்டுக்கு வர முடியாதவர்கள்தான் வெயிலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பெண்கள் என்ன உடுத்திக் குளிப்பது?

கடலில் உங்களுக்கு வசதியானதை. முழுக்கால் லெகின்ஸும் நீளக்கை நீச்சல் சட்டையும் போட்டுக் குளிக்கும் பெண்கள் நிறையப் பேர். 2016 ஆகஸ்டில் வில்நெவ்-லூபே நகரசபை உடலை மூடிய நீச்சலுடைக்குப் போட்ட தடையை, நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் நிறுத்திவைத்தது. பருத்திச் சுடிதாரோடு மட்டும் இறங்காதீர்கள். நனைந்ததும் அது கல்லாகக் கனக்கும், காலைச் சுற்றும்.

நீச்சல் குளம் வேறு கதை. முகாம்களிலும் நகரசபைக் குளங்களிலும் உடலோடு ஒட்டிய நீச்சலுடைதான் கேட்பார்கள். ஆண்களின் தொளதொள அரைக்காற்சட்டையையும் திருப்பி அனுப்புவார்கள். பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், அதுவும் நம் நாக்குக்கு நெருக்கமாக. நீஸின் தெருச் சாப்பாடு சொக்கா. கடலைமா, தண்ணீர், ஒலிவ எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பெரிய செப்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி விறகு அடுப்பில் சுட்டு, மேலே மிளகு தூவிப் பிய்த்துத் தருவார்கள். சூடாக நின்றபடியே சாப்பிட வேண்டும். எங்கள் அம்மா முதல் வாய் கடித்ததும், “இது எங்கட கடலைமாத் தோசைதானே, உறைப்புத்தான் காணாது” என்றார். அன்றிலிருந்து அவர் எங்கே போனாலும் கைப்பையில் சின்னப் போத்தல் மிளகாய்த்தூள்.

சீமைச் சுரைக்காய்ப் பூவை மாவில் தோய்த்துப் பொரித்ததும் நம் பஜ்ஜிதான். மாவில் முட்டை உண்டா என்று கேளுங்கள். வெங்காயம் பரப்பிய பிசலாடியேர் சைவம்போலத் தெரியும், ஆனால் நெத்திலி சேர்ந்தது. நீஸ் சாலட்டிலும் பான் பாஞாவிலும் மீன் இருக்கும். மீன் சாப்பிடுபவர்களுக்கு இந்தப் பான் பாஞா கடற்கரைக்கென்றே செய்ததுபோல. ஒலிவ எண்ணெயில் ஊறிய வட்டப் பாணுக்குள் மீனும் முட்டையும் தக்காளியும்.

உணவகங்கள் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை, இரவு ஏழு, ஏழரைக்குப் பிறகுதான். நாலு மணிக்குப் பசித்த பிள்ளையோடு போனால் அடுப்பு அணைந்திருக்கும். தண்ணீர் கேட்கும்போது குழாய்த் தண்ணீர்க் குடுவை என்று பொருள்படும் “கராஃப் தோ” என்று கேளுங்கள், சட்டப்படி அது இலவசம். நாங்கள் பெரும்பாலும் குசினி உள்ள வீடெடுத்து மதியம் சோறு, இரவு வெளியே என்று வைத்துக்கொள்வோம். நீஸின் கூர் சலேயா சந்தை திங்கள் தவிர்ந்த காலைகளில் காய்கறிச் சந்தை. தக்காளியின் வாசமே தனி.

அம்மம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார். கூட்டிப்போகலாமா?

கட்டாயம் கூட்டிப்போங்கள். இதற்கு மட்டும் நான் நீஸையே சொல்வேன். ப்ரொமனாத் தெஸாங்லே என்ற கடலோர நடைபாதை 7 கிலோமீட்டர் சமதளம், சக்கர நாற்காலியில் கடலைப் பார்த்தபடியே போகலாம். கோடையில் சான்தெனேர், கர்ரா என்ற இரண்டு கரைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று சாய்தளமும் உதவியாளர்களும் உண்டு. மிதக்கும் நாற்காலியில் உட்கார்த்தித் தண்ணீருக்குள் கொண்டுபோவார்கள். பல வருடங்களாகக் கடலில் கால் நனைக்காத ஒருவர் கழுத்தளவு தண்ணீரில் மிதந்து சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். போகுமுன் நகரசபையில் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடல் அலுத்துப்போனால் அல்லது மழை பெய்தால்?

மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகம். 1910இல் திறந்தது, செங்குத்துப் பாறையின் மேல் கட்டியது, மீன்தொட்டிகளைப் பார்த்துமுடிக்க அரை நாள் வேண்டும். ஆன்டீப்பில் பிக்காசோ 1946இல் ஓவியக்கூடமாகக் கொண்டு வரைந்த கிரிமால்டி கோட்டை இன்று அவர் பெயரில் அருங்காட்சியகம். சிறியது, பிள்ளைகள் அலுக்குமுன் முடிந்துவிடும். பழைய வழிகாட்டிகளில் ஆன்டீப்பின் மரீன்லாண்ட் என்ற கடலுயிர்ப் பூங்கா இருக்கும். அது 2025 ஜனவரியில் மூடிவிட்டது, பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மேற்கே போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மார்சேய் அருகே கலாங்க் பாறைக்குடாக்களில் ஒன்றான சுஜித்தோனுக்குக் கோடையில் முன்பதிவு வேண்டும், அது இலவசம். காட்டுத்தீ அபாயம் உள்ள நாட்களில் வழிகளையே மூடிவிடுவார்கள். போர்க்கரோல் தீவுக்குக் கோடையில் நாளொன்றுக்கு 6,000 பேருக்குத்தான் அனுமதி.

பெட்டியில் மறக்கக் கூடாதது எது?

தண்ணீருக்குள்ளும் போட்டுக்கொண்டு நடக்கும் ரப்பர் அடிச் சப்பாத்து, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை சோடி. மணல் கரைக்குப் போனாலும் பாறையில் ஏறாத பிள்ளை கிடையாது. பாறையில் முள்ளுருண்டையாக ஒட்டியிருக்கும் கடல் உயிரை மிதித்தால் அந்த முட்களை எடுக்கவே ஒரு மாலை போய்விடும். நீளக்கை நீச்சல் சட்டை, தொப்பி, ஒரு சின்னச் சவர நுரைக் குப்பி, முள்ளெடுக்கும் சாமணம். குடையும் வாளியும் அங்கேயே மலிவாகக் கிடைக்கும், சுமக்க வேண்டாம். சோறு வடிக்கிற பானையை மட்டும் கொண்டுபோங்கள். வாடகை வீட்டுக் குசினியில் இருப்பது எப்போதும் இரண்டு பேருக்கான பானைதான்.